அப்பாரு வீட்டைத் தூக்கிக்கொண்டு தேவிகுளம் போன கதை

காலை ஐந்தே முக்காலுக்குக் கொல்லங்கோட்டில் வந்து நின்ற பொள்ளாச்சி பஸ்ஸின் கண்டக்டர், எங்கள் சாமான்களைப் பார்த்ததும் வாயில் வைத்த விசிலைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு கயிற்றுக் கட்டில். ஒரு சாக்கு மண். வைக்கோல் சுற்றிய நான்கு ஓடுகள். வாயைத் துணியால் கட்டிய தூக்குப்போசி நிறையக் கிணற்றுத் தண்ணீர். இவற்றுக்கு நடுவில், தோளில் கத்தாழை நார்க் கத்தையோடு எழுபத்தாறு வயது அப்பாரு. அவருக்குப் பின்னால், தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு நான்.

"ஏனுங்க பெரியவரே, ஊட்டைக் காலி பண்ணீட்டுப் போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"காலி பண்ணலீங்க. கொண்டு போறமுங்க," என்றார் அப்பாரு.

இது நடந்தது 1972, தை மாதக் கடைசியில். போன சித்திரையில் அப்பாரு எண்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தார். அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம். கருமாதிக்கு வந்த உறவு ஜனம் அவர் தனியாளாய்க் கிணறு வெட்டியதையும், ஐந்து பெண்களைக் கட்டிக் கொடுத்ததையும், காய்ச்சலோடு கரும்பு வெட்டியதையும் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் உழைத்தார் உழைத்தார் என்று எங்கள் செவலைக் காளையையும்தான் சொல்லலாம். அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரிந்தது, அவர் காடு கழனிப் பக்கம் போகாத சில நாட்களில். ஆகவே அந்தப் பயணத்தை எழுதுகிறேன்.

தலைப்பிரசவம் பெண்ணின் அப்பன் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பலருக்கு அது வழக்கம். அப்பாருவுக்கு அது வைராக்கியம். மூத்த நான்கு அத்தைகளும் முதல் பிள்ளையை எங்கள் வீட்டில், அவர் தம் கையால் பின்னிய அந்தக் கட்டிலில்தான் பெற்றார்கள். மீதி இருந்தது கடைசி அத்தை சரசு. அவளுக்கு இருபத்துநான்கு வயது, எனக்கு இருபத்திரண்டு. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக அடி வாங்கி வளர்ந்தவர்கள். அவளைப் பெற்ற அன்றைக்குத்தான் எங்கள் அப்பத்தா, அதாவது அப்பாருவின் சம்சாரம், இறந்து போனாள். அதனால் சரசுவின் பிரசவம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு நடுக்கம்.

சரசுவின் புருஷன் பழனிச்சாமி மாமா தேவிகுளம் தாலுகா ஆபீசில் கிளார்க். அவரிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளை வயிற்றுக்குள் கால் கீழாகத் திரும்பிக் கிடக்கிறது, இந்த நிலைமையில் மலை இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பிரசவம் இங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில்தான் என்று எழுதியிருந்தார். அப்பாரு அதை என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அவ ஊட்டுக்கு வரக்கூடாதுன்னுதான எழுதியிருக்குது? ஊடு அவகிட்டப் போகக்கூடாதுன்னு எழுதலையே?"

"அப்பாரு, ஊடு எப்பிடிங்க போகும்?"

"தரை, கூரை, கெணறு, கட்டில். ஊடுங்கறது வேற என்றா?"

அன்றைக்கே வாசலில் மண் வெட்ட ஆரம்பித்துவிட்டார். துணைக்கு வரவேண்டிய என் அம்மா, மாடு மிதித்துக் கால் வீங்கிக் கிடந்தாள். ஆகவே மாட்டிக்கொண்டது நான்.

பொள்ளாச்சிக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசா. கட்டிலுக்கு முக்கால் ரூபாய் லக்கேஜ். மண்ணுக்கு என்ன சீட்டு போடுவதென்று கண்டக்டருக்குத் தெரியவில்லை, 'இதரம்' என்று ஏதோ கிழித்துக் கொடுத்தார். கோவிந்தாபுரத்தில் கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது அப்பாரு நார்க் கத்தையைப் பிரித்து மடியில் போட்டுக் கயிறு திரிக்கத் தொடங்கினார். அவர் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூடப் பந்தல் முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து சீட்டுக்காரர் எதற்குக் கயிறு என்று கேட்டார். "எதுக்காச்சும் ஆகுமுங்க," என்றார் அப்பாரு. பொள்ளாச்சி வருவதற்குள் அந்தக் கயிறு முன்சீட்டுக் கம்பியைச் சுற்றி, டிரைவர் சீட்டை எட்டிவிட்டது.

பொள்ளாச்சியில் மணி ஏழே கால். ஆளுக்கு நாலு இட்லி, இட்லி பதினைந்து பைசா. அப்பாரு இலையைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் அப்படித்தான். பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று பிள்ளைகளைத் தலை எண்ணுவார். எல்லாத் தலையும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் வட்டில் முன்னால் உட்காருவார். ஒரு தடவை கணக்கில் ஒரு தலை அதிகம் வந்தது. யார் எவர் என்று கேட்காமல் அதற்கும் சோறு போட்டுப் படுக்க வைத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் பக்கத்து ஊர் வளையல்காரர் பிள்ளையைத் தேடிக்கொண்டு அழுதபடி வந்து நின்றார்.

உடுமலைப்பேட்டை இருபத்தேழு கிலோமீட்டர். அங்கே பத்து மணிக்கு மூணாறு பஸ், ஆளுக்கு நாலே கால் ரூபாய். கட்டிலை மேலே ஏற்றிக் கட்ட, திரித்த கயிறு உதவியது. அப்பாரு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்கு மலையடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட். அந்த நாளில் தமிழ்நாட்டு அரிசியைக் கேரளாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. கூடாது என்பதாலேயே எல்லோரும் கொண்டுபோனார்கள். பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிப் பிள்ளைத்தாச்சி மாதிரி ஏறி, மலைமேல் இறங்கியதும் இளைத்துப் போவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மூட்டை என்றால் அரிசிதான். சோதனைக்காரர் சாக்கில் குத்தூசியைக் குத்தி இழுத்தார். செம்மண் வந்தது. இன்னொரு பக்கம் குத்தினார். செம்மண். அடியில் குத்தினார். அதுவும் செம்மண்.

"என்னய்யா இது?"

"மண்ணுங்க."

"அது தெரியுது. மலைக்கு எதுக்கய்யா மண்ணு?"

"என்ற புள்ளைக்குப் பேறுகாலமுங்க."

அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் சேர்ந்து கலந்து பேசினார்கள். மண்ணுக்கு நடுவில் எதையோ புதைத்து வைத்திருக்கிறான் கிழவன் என்று முடிவு செய்து, சாக்கை ரோட்டில் கவிழ்த்துவிட்டார்கள். உள்ளே ஒரு மண்புழு மட்டும் இருந்தது. அவரும் நல்ல மனுஷர்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க பெரியவரே, அள்ளிக்கங்க," என்றார்.

அள்ளினால் போதுமா? அப்பாரு ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் வாசல் மண் சிவப்பு, அங்கே ரோட்டுப் புழுதி சாம்பல். ரோட்டு மண் ஒரு சிட்டிகை கலந்தாலும் அது அப்பன் வீட்டு மண் ஆகாதாம். பொறுக்கிப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார், கண்டக்டர் கத்தினார். நான் எனக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில், பஸ் கிளம்ப வேண்டுமே என்று பயணிகள் இறங்கி வந்து கூடப் பொறுக்கினார்கள். சோதனைக்காரரும் பொறுக்கினார். "இது உங்க மண்ணுங்களா பாருங்க," என்று அவர் ஒரு பிடியை நீட்ட, அப்பாரு முகர்ந்து பார்த்து, "இல்லீங்க, இது அரசாங்கத்துது," என்று திருப்பிக் கொடுத்தார். நாற்பது நிமிஷம் போயிற்று.

மறையூரில் டீ இருபது பைசா. அதற்கு மேலே குளிர் ஆரம்பித்தது. தேயிலையை அப்பாரு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். மலை மலையாகப் பச்சை. "இத்தனையும் திங்க முடியாத கீரையா!" என்று வயிறு எரிந்தார். மூணாறில் இறங்கும்போது மூன்றரை மணி. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் தேவிகுளம், ஜீப்பில் ஆளுக்கு ஒரு ரூபாய். கட்டிலையும் மண்ணையும் இரண்டு ஆளாகக் கணக்குப் போட்டார் ஜீப்காரர்.

சரசு அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். அப்பாருவைப் பார்த்ததும் அழுதாள். கட்டிலைப் பார்த்ததும் சிரித்தாள். சாக்கைப் பிரித்ததும் என் காதைப் பிடித்துத் திருகினாள். "ஏன்டா, கிறுக்குப் புடிச்ச மனுசன், நீயாவது சொல்லியிருக்க மாட்டியா?"

"நீ சொல்லிப் பாரேன்," என்றேன். அவள் சொல்லவில்லை. அன்று சாயந்திரம், அப்பாரு இல்லாத சமயத்தில், அடுப்பங்கரையில் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்குதுடா. எங்கம்மாளாட்டம் ஆயிருவேனோன்னு. அவரு வந்ததுலதான் கொஞ்சம் தூங்கலாம்னு இருக்குது." ஏதோ கேலி பேச நினைத்தவன், அவள் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கி அடுப்பை ஊதினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வீடு தேவிகுளத்தில் எழும்பத் தொடங்கியது. மாமாவின் குவார்ட்டர்ஸ் சிமெண்டுத் தரை, தகரக் கூரை. அப்பாரு ஏணி வைத்து ஏறி, நான்கு ஓட்டையும் தகரத்தின்மேல் கயிற்றால் கட்டினார். பிறகு உள்அறைச் சிமெண்டின்மேல் மண்ணைக் கொட்டி, ஊரிலிருந்து வந்த தண்ணீரைத் தெளித்துக் குழைத்தார். பழனிச்சாமி மாமா வெளிறிப் போய்த் தம் மாமனாரிடம் கெஞ்சினார்.

"மாமா, இது சர்க்கார் கட்டடமுங்க. ஆபீசர் கண்டா மெமோ தந்துருவாருங்க."

"கட்டடம் அவிகளுதா இருக்கட்டும் மாப்பிள்ளை. தரை நம்முளுது."

மெழுகச் சாணி வேண்டும். பக்கத்து எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பேச்சியம்மா என்கிற தேயிலை பறிக்கும் அம்மாள் ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். "என்ன பெரியவரே, மண்ணையா சுமந்து வந்தீக? இங்ஙன இல்லாத மண்ணா?" என்று கேட்டவள், விஷயத்தைச் சொன்னதும், "எங்கப்பன் எனக்கு ஒரு கட்டி கருப்பட்டி கொண்டாந்ததில்ல," என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து மெழுகித் தந்தாள்.

தப்பு எங்கே நடந்தது என்றால், கொல்லங்கோட்டு வெயிலில் மெழுகிய தரை இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படி. தேவிகுளத்தில் மதியம் ஒரு மணிக்கு ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வரும். சாயந்திரம் தரை காலையில் இருந்ததைவிட ஈரமாக இருந்தது. மறுநாள் அப்பாரு முறத்தால் விசிறினார். நானும் மாமாவும் முறை வைத்து விசிறினோம். கரி அடுப்பை நடுவில் வைத்தோம். அது இருந்த இடம் மட்டும் காய்ந்து வெடித்தது. மூன்றாம் நாள் கட்டிலைப் போட்டுப் பார்த்தார். நாலு காலும் நாலு விரற்கடை உள்ளே இறங்கின. மூலையில் நெல் முளைத்திருந்தது, அது எங்கள் வாசலில் போர் அடித்தபோது சிந்தியது. அத்தை அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். "அப்பா, அறுப்புக்கு நானும் வாறேனுங்க," என்றாள். அப்பாரு சிரிக்கவில்லை. விடிந்ததிலிருந்து விசிறிக்கொண்டே இருந்தார்.

நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அத்தைக்கு வலி எடுத்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் முன்னாடி. மாமா ஓடிப்போய், லயத்துக்கு வந்திருந்த ஆஸ்பத்திரி நர்ஸைக் கூட்டிவந்தார். கோட்டயம் பக்கத்து அம்மாள், ஐம்பது வயது இருக்கும், குரலே மணி அடித்தமாதிரி. உள்அறைக்குள் கால் வைத்தார். வெள்ளை ஷூ மண்ணுக்குள் போய்விட்டது.

"எந்தா இது? பிரசவத்துக்கு வெச்ச முறியா, எருமைத் தொழுவமா? யாரு செஞ்சது இது?"

"நானுங்க," என்றார் அப்பாரு.

நர்ஸ் அத்தையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "குழந்தை இன்னும் திரும்பல. இவிடே பெற்றால் ரெண்டு பேருக்கும் ஆபத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஜீப் விளிக்கூ!"

எல்லோரும் அப்பாருவைப் பார்த்தோம். நாலு பிரசவம் அவர் வீட்டில். ஐந்தாவதுக்காக வீட்டையே பெயர்த்து வந்த மனுஷர். சண்டை வரும், சாபம் வரும், ஜீப்புக்கு முன்னால் படுத்துக்கொள்வார் என்று நான் தயாராகவே இருந்தேன். அவர் கையிலிருந்த முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"போலாமுங்க," என்றார். அவ்வளவுதான். அத்தையைத் தூக்கியதும் அவர்தான்.

பிரசவ அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. பத்து மணிக்கு அதில் உட்கார்ந்தார். கயிறு திரிக்கவில்லை. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை சும்மா இருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அதுவே பயமாக இருந்தது. டீ வாங்கி வந்தேன், குடிக்கவில்லை. ஒரு மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, "அச்சன் போய் ஊணு சாப்பிட்டுட்டு வரூ, நேரமாகும்," என்றார்.

"நான் எந்திரிக்க மாட்டனுங்க அம்மா."

நர்ஸ் போன பிறகு, கதவைப் பார்த்தபடியே என்னிடம் பேசினார். "உங்க அப்பத்தாளுக்கு வலி எடுத்தப்ப நமக்கு வாய்க்காத் தண்ணி முறை. ரண்டு வயல் பாஞ்சிருச்சு. மூணாவது பாதி. ஆளு வந்து கூப்புட்டான். இதை முடிச்சுப்போட்டு வாறேன்னு சொன்னேன். அவ என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாளாமா. நான் போறப்ப மூணாவது வயலும் பாஞ்சிருச்சு." பிறகு சொன்னார்: "அந்தப் போகம் நல்ல வெளைச்சல்."

அப்பத்தாவைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது. அவர் கையின்மேல் என் கையை வைத்தேன். நாலு பெண்களின் பிரசவத்துக்கும் அவர் ஏன் வாசலைவிட்டு நகரவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை. வழக்கம் என்று நினைத்துவிட்டோம். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

மூன்று நாற்பதுக்குக் குழந்தை அழுதது. கதவைத் திறந்த நர்ஸ், வேர்த்து விறுவிறுத்து, "பெண்குட்டி. ரெண்டு பேரும் சுகம்," என்றார். அப்பாரு எழுந்தார், உடனே உட்கார்ந்தார். கால் மரத்துப் போயிருந்தது. உள்ளே அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். அத்தை கண்ணைத் திறந்து, "இங்கியே இருந்தீங்களாப்பா?" என்றாள். "எங்க போறேன்?" என்றார். பிறகு நர்ஸைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஏனுங்கம்மா, இந்தக் கட்டில் ஒரு கால் ஆடுதுங்க. சுத்தியல் இருந்தாக் குடுங்க," என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

இரண்டு நாள் கழித்து நான் மட்டும் கிளம்பினேன். காலை ஏழேகால் பஸ். அப்பாரு மாமாவின் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாயையும் போட்டுக்கொண்டு வழியனுப்ப வந்தார். குவார்ட்டர்ஸ் தரையை வழித்து எடுத்து, அந்த மண்ணில் பேச்சியம்மா வீட்டுக் கொல்லையில் அவரை விதை போட்டுவிட்டிருந்தார். நாற்பது நாள் கழித்துத்தான் வருவாராம்.

"வியாழக்கிழமை நமக்கு வாய்க்காத் தண்ணி முறை இருக்குதுங்க அப்பாரு."

"அதை உங்கப்பன் பாத்துக்குவான். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை நேரத்துக்கு வையி. கரும்புக்குச் சோகை உரிக்கோணும். வடக்கு வரப்புல எலி வளை இருக்குது, அடைக்கச் சொல்லு. உங்கம்மாளை நடக்க வேண்டாம்னு சொல்லு. உங்கப்பனை நடக்கச் சொல்லு."

பஸ் நகர்ந்தது. நான் கையசைத்துவிட்டு உட்கார்ந்தேன். பார்த்தால் குரங்குக் குல்லாய் ஜன்னலுக்குக் கீழே ஓடி வருகிறது. இன்னும் ஏதோ உரம், எரு என்று நினைத்துத் தலையை நீட்டினேன்.

"அடே! உங்கப்பன்கிட்டச் சொல்லு! கொழந்தைக்கு மூக்கு உங்க அப்பத்தா மூக்குடா! அப்பிடியே இருக்குது!"

வளைவில் பஸ் திரும்பியதும் அவர் மறைந்துபோனார். கொல்லங்கோட்டில் இறங்கி நான் வீட்டுக்குப் போகும்போது பொழுது இறங்கிவிட்டது. அப்பா மாட்டுக்கடியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று தந்தியிலேயே தெரிந்திருந்தது. மாடு, கரும்பு, எலி எதையும் நான் சொல்லவில்லை. மூக்கைச் சொன்னேன்.

அப்பா கறப்பதை நிறுத்தினார். எங்கள் வீட்டில் அப்பத்தா படம் கிடையாது. அந்த மூக்கைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்பாரு, அப்பா, மூத்த அத்தைகள் நாலு பேர், அவ்வளவுதான்.

"அவரா சொன்னாரு?"

"அவருதானுங்கப்பா. பஸ்ஸுக்குப் பின்னால ஓடி வந்து சொன்னாருங்க."

"சப்பையாவா இருக்குது?"

"ஆமாங்கப்பா."

"நல்லாச் சப்பையா?"

"நல்லாவே சப்பைங்கப்பா."

அப்பா சிரித்தார். மாடு காலை உதறிப் பால் செம்பைத் தட்டிவிட்டது. ஐம்பது வயது மனுஷர், அதை நிமிர்த்தக்கூடச் செய்யாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார். அழுகிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.